“கச்சத்தீவு ஒப்பந்தம்” என்று தேடினால் ஏன் அகப்படுவதில்லை?

சட்டம் பயிலும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இந்தியா–இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் சில அரைகுறையாக உள்ளன. சில ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. நம்பத்தக்க பிரதியை எங்கே எடுப்பது? அது இன்னும் நடைமுறையில் உள்ளதா என்பதை எப்படி அறிவது?”

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நாம் எல்லோரும் கச்சத்தீவு ஒப்பந்தம் என்று அழைக்கும் 1974 ஜூன் மாத ஆவணத்தின் தலைப்பில் கச்சத்தீவு என்ற சொல்லே கிடையாது. இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட வரலாற்று நீர்ப்பரப்பின் (நெடுங்காலமாகத் தமக்குரியதாக நாடுகள் கருதிவரும் கடற்பகுதியின்) எல்லையும் தொடர்புடைய விஷயங்களும் பற்றிய உடன்பாடு என்பதே அதன் முறையான பெயர். தீவின் பெயர் உள்ளே 5ஆம் உறுப்பில், மீனவர்களும் யாத்ரீகர்களும் அங்கே சென்றுவருவதைச் சொல்லும் இடத்தில் வருகிறது. அதற்கும் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. தலைப்பை மட்டும் தேடும் தரவுத்தளங்களில் தீவின் பெயரை இட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருப்பது இதனால்தான். நாளிதழ்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு, நாடுகளின் பெயர், கையெழுத்தான ஆண்டு, “ஹிஸ்டாரிக் வாட்டர்ஸ்” போன்ற தலைப்புச் சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு தேடுங்கள்.

தேட வேண்டிய முதல் இடம் ஐக்கிய நாடுகள் சபையின் ஒப்பந்தத் தொகுப்பு இணையதளம். உறுப்பு நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை ஐ.நா. செயலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும், பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஐ.நா. அமைப்புகளின் முன் ஆதாரமாகக் காட்ட இயலாது என்றும் ஐ.நா. சாசனத்தின் 102ஆம் உறுப்பு கூறுகிறது. அவ்வாறு பதிவானவை “யுனைடெட் நேஷன்ஸ் ட்ரீட்டி சீரிஸ்” என்ற வரிசையில் அச்சாகின்றன. தொகுதி எண் கையெழுத்தான ஆண்டைப் பின்பற்றாமல் பதிவான காலத்தையே பின்பற்றும் என்பதால், 1974ஆம் ஆண்டு உடன்பாடும் அதையடுத்து வந்த 1976 மார்ச் மாதக் கடல் எல்லை உடன்பாடும் ஒரே தொகுதியில், அதாவது 1049இல், இடம்பெற்றிருக்கின்றன. இந்தியத் தரப்புப் பிரதிக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தரவுத்தளத்தையும், சட்டத் தகவல்களை இலவசமாகத் தரும் எல்.ஐ.ஐ. ஆஃப் இந்தியா தளத்தில் உள்ள “இந்தியன் ட்ரீட்டி சீரிஸ்” தொகுப்பையும் பாருங்கள்.

உங்கள் ஆய்வில் தவறு நேர்வதற்கு மிகுந்த வாய்ப்புள்ள இடம் அடுத்து வருகிறது. 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின் 6ஆம் உறுப்பு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. அதை மட்டும் படித்தவர், மீன்பிடி உரிமை அப்படியே இருக்கிறது என்று எழுதிவிடுவார். ஆனால் 1976 மார்ச் 23 அன்று, மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்த இரண்டாவது உடன்பாடு கையெழுத்தான அதே நாளில், இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். ஒரு நாட்டின் மீனவர்கள் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. உடன்பாட்டின் உடலில் தேடினால் கிடைக்காது. இவற்றில் எதற்கு என்ன விளைவு என்பது வாதத்துக்குரிய தனிக் கேள்வி. எனினும் கடிதங்களைப் பார்க்காமலேயே அந்த வாதத்தில் இறங்குகிறவர்கள் இரு தரப்பிலும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கடிதம்தானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒப்பந்தம் என்பது ஒரே ஆவணமாகவோ தொடர்புடைய பல ஆவணங்களாகவோ இருக்கலாம், எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது ஒப்பந்தமே என்று 1969ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியா அதில் இணையவில்லை என்றாலும், அதன் விதிகளில் பெரும்பாலானவை வழக்காற்றுச் சட்டத்தின் (நாடுகள் கடமையாகக் கருதிப் பின்பற்றிவருவதால் உருவான சட்டத்தின்) எழுத்து வடிவமாகவே கருதப்படுகின்றன. ஆகவே ஓர் ஆவணம் கிடைத்தவுடன், அதே தேதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அந்த இரு நாடுகளுக்குள் வேறு என்னென்ன கையெழுத்தாயின என்று தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிரதிகள் மாறுபடுவதற்குப் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும். பழைய தொகுதிகள் அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்தவை. அவற்றிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் பாகை (டிகிரி), கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) குறிகளைத் தவறாகப் படித்துவிடும். அட்சரேகையில் ஒரு கலை பிசகினால் கடலில் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் பிசகும். எனவே எல்லைப் புள்ளிகளை நகலெடுத்து ஒட்டாமல், பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட “லிமிட்ஸ் இன் தி சீஸ்” வரிசையில் 66, 77ஆம் எண் அறிக்கைகள் இவ்விரு எல்லைகளையும் ஆராய்கின்றன. புள்ளிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க அவை உதவும்.

பல நாடுகள் சேர்ந்த உடன்படிக்கைகளுக்கு வழி வேறு. ஐ.நா. பொதுச்செயலாளரின் பொறுப்பில் உள்ளவற்றின் நிலவரம் அதே இணையதளத்தில் இயல்வாரியாக உள்ளது. கடல் சட்டம் 21ஆம் இயல். அங்கே கையெழுத்துத் தேதியும் ஏற்புறுதித் தேதியும் (உடன்படிக்கைக்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி உறுதிசெய்த தேதியும்) தனித்தனிப் பத்திகளில் இருப்பதைக் கவனியுங்கள். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட கட்டுரைகளை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன். கடல் சட்ட உடன்படிக்கையை இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் ஏற்புறுதி செய்தன. பட்டியலுக்குக் கீழே நாடுகளின் அறிவிப்புகள் இருக்கும். தன் அனுமதியின்றிப் பிற நாடுகள் தனது பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை வளங்கள் மீது உரிமை உள்ள கடற்பரப்பில்) ராணுவப் பயிற்சி நடத்த அந்த உடன்படிக்கை இடமளிக்கவில்லை என்ற இந்தியாவின் புரிதல் அங்கேதான் பதிவாகியுள்ளது.

இருதரப்பு ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளதா என்பதை ஒரே சொடுக்கில் காட்டும் தளம் எதுவும் இல்லை. ஐ.நா. பதிவெண்ணின் கீழ் திருத்தமோ முடிவுறுத்தலோ பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்பது மட்டுமே போதிய சான்றாகாது, ஏனெனில் பதிவு செய்வது நாடுகளின் கையில் இருக்கிறது. அதனால் மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் வெளியுறவு அமைச்சர்கள் அளித்த பதில்களைத் தேதி வரிசையில் தேடிப் படியுங்கள்; அரசு எதை நடைமுறையில் உள்ளதாகக் கருதுகிறது என்பது அந்தப் பதில்களில் வெளிப்படும். மேற்கோள் குறிக்கும்போது தொகுதி எண், பதிவெண், பக்கம் ஆகியவற்றுடன், நிலவரத்தை நீங்கள் சரிபார்த்த தேதியையும் எழுதிவையுங்கள்.