அமெரிக்கத் தென்மாநில முறை பீன்ஸ்: ஒன்றரை மணி நேரம் கொதித்தும் வேகவில்லையா?

பச்சை பீன்ஸைப் புகையூட்டிய பன்றிக்காலோடு சிறு தீயில் நெடுநேரம் வேகவைப்பதுதான் இந்த முறை. இதில் வினிகரைத் தொடக்கத்தில் ஊற்றாதீர்கள், இறக்கும்போது சேருங்கள். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பீன்ஸ் விறைப்பாகவே இருப்பதற்குத் தொடக்கத்திலேயே ஊற்றிய வினிகர் காரணமாக இருக்கலாம். புளிப்பு, காயை விறைப்பாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளை எளிதில் கரையவிடாது. தக்காளியும் அப்படியே.

சோதித்துப் பாருங்கள்: அதே பீன்ஸில் பத்தை வெறும் தண்ணீரில் தனியே வேகவையுங்கள். 40 நிமிடத்தில் மெத்தென்று ஆனால் வினிகர்தான் காரணம். ஆகாவிட்டால் காய் முற்றல், அல்லது தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீர்.

பச்சை மங்கி ஆலிவ் நிறம் வருகிறதே என்று பயந்து இறக்கிவிடாதீர்கள். அந்த ஊர்ச் சமையலின் உயிரே அந்த நிறத்தில்தான் இருக்கிறது; சிறு தீயில் பன்றி இறைச்சியின் புகைச்சுவை காய்க்குள் இறங்க நேரம் கொடுங்கள்.

புகையூட்டிய பன்றிக்கால் மெல்ல மெல்ல உப்பை விடும். ஆகவே கடைசியில் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள்.