மகளை அப்பாவிடம் தள்ளாதீர்கள்

ஏழு ஆண்டுச் சிறைக்குப் பின் தம்பி வீடு திரும்பியிருக்கிறார், பத்து வயது மகள் அவரிடம் பேச மறுக்கிறாள், அவரோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து குழந்தையை "அப்பாவிடம் போ" என்று வற்புறுத்தாதீர்கள். மூன்று வயதில் பிரிந்தவளுக்கு அவர் புதிய மனிதர். என் அப்பா சிறையிலிருந்து திரும்பியபோது எனக்குப் பதினொரு வயது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தினமும் மாலையில் என் சைக்கிளைத் துடைத்து வைப்பார். பல வாரம் கழித்து நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே போயிருந்தார் என்று அவள் கேட்டால் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள். வெளியூர் வேலை என்று எனக்குச் சொல்லிவைத்த பொய் பள்ளியில் உடைந்தது, இன்றும் வலிக்கிறது.

எப்போது எழுவது, எப்போது உண்பது என்று எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்த இடத்திலிருந்து வந்தவர் உங்கள் தம்பி. சிறு முடிவுகளை அவரிடமே விடுங்கள். அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்கக் கூடவே போங்கள். விடுதலையாகிறவருக்கு ஆவணம், தங்குமிடம், வேலை கிடைக்க இயன்றவரை வழிசெய்ய வேண்டும் என்று கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளே சொல்கின்றன. உதவி கேட்கக் கூச வேண்டாம்.

அவருடைய மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? ஏழு ஆண்டும் தனியாகச் சுமந்தவர். அவர் பேசுவதையும் உட்கார்ந்து கேளுங்கள்.