விர்ட்டஸா, ஈகோவா? லிட்டரைப் பார்க்காதீர்கள், கிலோவைப் பாருங்கள்

கேள்வி: நாச்சியார்கோவிலில் எங்கள் குடும்பத்துக்குக் குத்துவிளக்குப் பட்டறை இருக்கிறது. மாதம் ஏழு நடை தஞ்சாவூர், மூன்று நடை திருச்சி. நடைக்கு 300 கிலோவாவது இருக்கும். லோடு வண்டி வாடகைக்கே மாதம் 26,000 ரூபாய் போகிறது. எனக்குத் தை மாதம் கல்யாணம். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 டர்போ செடான் எடுத்தால் குடும்பத்துக்கும் ஆகும், டிக்கியும் பெரிது, சரக்கும் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அப்பாவோ மாருதி ஈகோ கார்கோ வேன்தான் என்கிறார். கார் ஓட்டுவதென்றால் எனக்கு உயிர். எதை வாங்கட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: கார் நல்ல கார்தான், அதில் சந்தேகமே வேண்டாம். 150 பிஎஸ் சக்தி, 250 என்எம் இழுவை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. உங்கள் கணக்கு இடிப்பது டிக்கியில்தான்.

விர்ட்டஸ் டிக்கி 521 லிட்டர். பின்சீட்டை மடித்தால் அதுவே 1,050 லிட்டர். ஆனால் லிட்டர் கணக்கு துணிமணிக்கும் பெட்டிக்கும் சரி, பித்தளைக்குச் சரிவராது. ஒரு லிட்டர் கெட்டிப் பித்தளையே ஏறத்தாழ எட்டரை கிலோ. டிக்கி கால்வாசி நிறையும் முன்பே வண்டியின் எடை வரம்பு முடிந்துவிடும். இந்த அளவு செடான்கள் பொதுவாக ஆளும் சாமானும் சேர்த்து 400 முதல் 450 கிலோ தாங்கும். நீங்களும் கூட ஒரு ஆளும் ஏறினாலே 140 கிலோ போய்விடும். மிச்சத்தில் 300 கிலோ விளக்கு என்றால் ஒவ்வொரு நடையும் வரம்பின் விளிம்பில்தான். அதுவும் எடை முழுவதும் பின் அச்சுக்குப் பின்னால் உட்காரும்.

அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும்? பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்கும். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் ஈரத் தரையில் பிடிப்புக் குறையும், ஸ்டீயரிங் லேசாகும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி ரப்பர் ஸ்டாப்பரில் இடித்து இடித்து, நாளாவட்டத்தில் ஷாக் அப்சார்பர் சீல் கசியும். 205/55 அளவு டயருக்குப் பக்கச் சுவர் உயரம் குறைவு. மதகுப் பாலத்தின் விளிம்பில் இந்தப் பாரத்தோடு ஒரு முறை அடித்தால் டயர் புடைக்கும், இல்லையேல் அலாய் வீல் வளையும். 179 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது காலி வண்டிக்கு அளந்தது. எந்த ஓட்டத்துக்காக அந்தக் காருக்கு ஆசைப்படுகிறீர்களோ, அதைத்தான் இந்தப் பாரம் முதலில் கெடுக்கும்.

அடுத்தது இன்சூரன்ஸ். ஷோரூமில் இதை யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டக்கூடாது; சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்று அதில் இருக்கும். பட்டறைச் சரக்கு சாம்பிள் ஆகாது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் கிளெய்மை மறுக்க அந்த ஒரு பத்தியே போதும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டு) போட வேண்டும். அதில் வண்டி நம்பரை நீங்களே பதிவு செய்வீர்கள். தனியாகச் சாட்சி தேட வேண்டிய வேலை யாருக்கும் இருக்காது.

வரி இன்னொரு பக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நான்கு மீட்டரைத் தாண்டும் செடானுக்கு 40 சதவீதம். 13 பேர் வரை ஏறும் பயணிகள் வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உங்களைப் போன்ற தொழிலில் உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழிக்க முடியாது. சரக்கு வண்டிக்குக் கழிக்கலாம். வேனின் ஷோரூம் விலை ஐந்தரை லட்சம் என்று வையுங்கள், அதில் வரி மட்டும் சுமார் 84,000 ரூபாய். பட்டறையின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கிடைக்காது. கழித்த தொகைக்கு வருமான வரியில் தேய்மானமும் கோரக்கூடாது. ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாதக் கணக்குக்கு வருவோம். வேனுக்கு 5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை 10,600 ரூபாய். பத்து நடையும் சேர்த்து 1,300 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் 9,500. இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் 3,500. ஆக 23,600. வாடகையைவிட 2,400 ரூபாய்தான் மிச்சம், அதுவும் நீங்களே ஓட்டினால். டிரைவர் வைத்தால் முதல் ஐந்து வருடத்துக்கு வாடகை வண்டியே மலிவு. நீங்களே ஓட்டுவதற்குச் சட்டத் தடை இல்லை. எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. செடானுக்கு 13 லட்சம், ஒன்பதரை சதவீதம், ஏழு வருடம் என்று போட்டால் தவணை 21,200. சரக்கைக் காரில் ஏற்ற முடியாது என்று ஆனபிறகு, வாடகை 26,000-மும் அப்படியே நிற்கும்.

ஆகவே முதலில் வேன். அப்பா சொன்னதே சரி. ஆனால் வேனைப் பற்றியும் சில உண்மைகள் தெரிந்துகொண்டு போங்கள்.

ஈகோவில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுப்பது பின் சக்கரம். 1.2 லிட்டர், பெட்ரோலில் 81 பிஎஸ் சக்தி. சிஎன்ஜியில் அது 72-க்கு இறங்கும், உருளையின் எடையும் சுமைத் திறனில் கழியும். பித்தளை ஏற்றுகிறவருக்கு பெட்ரோலே மேல். அகலம் 1,475 மில்லிமீட்டர், உயரம் 1,825. கும்பகோணத்துச் சன்னிதித் தெருக்களில் நுழைய அந்த ஒடுக்கம் வசதி. வளைவில் வேகமாகத் திருப்பினால் அதே ஒடுக்கம் ஆபத்து. சரக்கு வண்டியாகப் பதிவு செய்வதால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஏறாது. உங்களுக்கு முன்னால் நீண்ட பானெட் கிடையாது, மோதினால் நசுங்க இடம் குறைவு. பாதுகாப்பில் செடானோடு இது போட்டி போடவே முடியாது. அதனால் சீட்டுக்குப் பின்னால் உறுதியான இரும்புத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கின் பாதங்களைத் தடுப்பை ஒட்டித் தரையில் அடுக்கி, தண்டுகளை நீளவாக்கில் படுக்கவைத்து, பட்டையால் இறுக்குங்கள். கடைசிக் கதவோரம் கனத்தை வைக்காதீர்கள்.

இன்னும் மலிவாக, முக்கால் டன் தாங்கும் திறந்த மினி டிரக் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கார்த்திகை தீபத்து ஆர்டர் ஓடுவது ஐப்பசி அடைமழையில். தார்ப்பாய்க்குள் விளக்குகளுக்கு இடையே வைத்த வைக்கோல் நனைந்து மெருகு கறுத்தால் மறுபடி பாலிஷ் கூலி. உங்களுக்கு மூடிய வண்டிதான்.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டிப் போனால், இறங்கி அடியில் பாருங்கள். சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்டில் அது கயிறாகச் சுற்றிக்கொள்ளும்; சூடான சைலன்சர் குழாயில் பட்டால் பற்றும். கத்தரிக்கோல் ஒன்றும் சிறிய தீயணைப்பானும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

காகித வேலை அதிகமில்லை. மஞ்சள் போர்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்பதால் பெர்மிட் வேண்டாம். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸில், 2022-ல் அறிவித்த கட்டணப்படி, கூலிக்கு ஏற்றும் வகைக்கு 16,049 ரூபாய்; சொந்தச் சரக்கு மட்டும் என்றால் குறைவு. குறைந்ததை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பட்டறைச் சரக்கைக் கூலிக்கு ஏற்றாதீர்கள்.

கல்யாணத்துக்குக் கார்? ஊர்வலத்துக்கு ஒரு நாள் வாடகை போதும். ஓட்டும் ஆசைக்கு, வேன் ஒரு வருடம் ஓடிய பிறகு, நான்கைந்து வருடம் ஓடிய செடானைத் தேடுங்கள். டர்போவில் தானாக கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் என்றால், நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டி, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறதா என்று பாருங்கள். சென்னையிலிருந்து வந்த வண்டியானால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். கார்ப்பெட்டைத் தூக்கி சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் விலையே பேசாமல் இறங்கிவிடுங்கள்.