வயலில் பழங்காசு தேட எந்தக் கருவி?

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் வசிக்கிறேன். தமது உழுத வயலில் பழைய நாணயங்களைத் தேடிக்கொள்ள நண்பரான விவசாயி ஒருவர் வாய்மொழியாக அனுமதி தந்திருக்கிறார். எத்தகைய மெட்டல் டிடெக்டரை வாங்கலாம்?

பதில்: ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவியை வாங்குங்கள், குறைந்த அதிர்வெண் ஆழத்திலுள்ள பெரிய பொருள்களையும், உயர்ந்த அதிர்வெண் மெல்லிய இடைக்கால வெள்ளிக்காசுகளையும் நன்கு உணர்த்தும். வயல்களில் இரும்பாணிகள் மிகுதி என்பதால் பலர் இரும்பை விலக்கும் அமைப்பை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள்; அப்போது ஆணிக்கு அருகில் கிடக்கும் காசும் ஒலி எழுப்பாமல் தப்பிவிடக்கூடும். உழுது, பரம்படித்து, மழையில் நனைந்த நிலமே தேடுவதற்கு உகந்தது. கருவியின் வட்டத்தட்டை மண்ணை ஒட்டி மெதுவாக, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன்மேல் சற்றே படியுமாறு வீசுங்கள். கூடுதல் விலையைவிட இந்தப் பொறுமையே அதிகம் ஈட்டித் தரும் என்பது என் கருத்து.

அனுமதியை எழுத்திலும் பெற்றுவிடுங்கள். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் எனக் கருதத்தக்கதை 14 நாள்களுக்குள் கொரோனருக்கு (ஐயத்துக்குரிய மரணங்களோடு புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். 1992-இல் உங்கள் சஃபோக்கிலேயே, ஹாக்ஸன் கிராமத்தில், தொலைந்த சுத்தியலைத் தேடிப் போனவர் ரோமானியக் காசுகளைக் கண்டதும், மேற்கொண்டு தோண்டாமல் செய்தி சொல்லியனுப்பியதால்தான், ஏறத்தாழ 15,000 காசுகள் கொண்ட அப்புதையலின் பெரும்பகுதியைத் தொல்லியலாளர்களால் அது புதைந்திருந்த நிலையைப் பதிவுசெய்தே எடுக்க முடிந்தது.