ரீல்ஸில் எக்ஸ்ரே: பெயரை மறைத்தால் போதுமா?

பயிற்சி மருத்துவரான நீங்கள், நோயாளியின் பெயரை மறைத்து அவருடைய எக்ஸ்ரேயை ரீல்ஸில் போட்டதாகவும், அதை நீக்கச் சொன்ன மூத்த மருத்துவர் மிகைப்படுத்துகிறாரோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதே சரி என்பது என் கருத்து, இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அடையாளம் தெரியும் வகையில் நோயாளியின் படத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவதைத் தவறு என்கின்றன. (சமூக ஊடகத்துக்கென வழிகாட்டுதல் கொண்டிருந்த 2023ஆம் ஆண்டு விதிகள், அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன.) அடையாளம் தெரியாவிட்டால் ஒப்புதல் வேண்டாம் என்று அதே விதி சொல்வது உண்மைதான், ஆனால் சிக்கலே அந்தத் 'தெரியாவிட்டால்' என்பதில்தான் இருக்கிறது. பெயரை மறைத்தீர்கள், சரி. மூலையில் இருக்கும் தேதியையும் நோயாளி எண்ணையும் மறைத்தீர்களா? "நேற்றிரவு பைக்கிலிருந்து விழுந்து வந்தவர்" என்று நீங்கள் பேசியதையும், உங்கள் முகப்பில் உள்ள கல்லூரிப் பெயரையும் சேர்த்துப் பார்த்தால், அவர் தெருக்காரருக்கு ஆள் யாரென்று உடனே விளங்கிவிடும். வார்டில் எடுத்த காணொளியில் பின்னால் கேட்கும் உறவினரின் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டிலருகே நின்று வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கும் சம்மதத்தையும் நம்பாதீர்கள். மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்று அஞ்சித் தலையாட்டுபவர்களே அதிகம். எலும்பு முறிவை விளக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு வெள்ளைத்தாளில் நீங்களே வரைந்து பேசுங்கள். ஹைலைட்ஸில் சேமித்த பிரதியையும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.