80 கி.மீ. வேகம் போகும் மின் ஸ்கூட்டர், தேயிலைக் காட்டுப் பாதைக்குச் சரிப்படுமா?

கேள்வி: வணக்கம் சார். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபிசராக இருக்கிறேன். குவார்ட்டர்ஸ் மேட்டில் இருக்கிறது. காலையில் கீழே மஸ்டருக்கு (வேலையாட்களின் வருகைப் பதிவுக்கு) இறங்கி, நாள் முழுக்க ஒவ்வொரு காடாகச் சுற்றிவிட்டு, மாலையில் திரும்ப ஏறி வரவேண்டும். ஒரு நாளைக்கு 22 கி.மீ. வரும். எல்லாம் மண் பாதையும் சரளைக்கல்லும்தான். நின்றபடி ஓட்டுகிற 'ஆஃப் ரோடு' மின் ஸ்கூட்டர் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். இரண்டு மோட்டார், 5600 வாட், 60 வோல்ட் 28 ஆம்பியர் அவர் பேட்டரி, 80 கி.மீ. வேகம், ஒரு சார்ஜில் 100 கி.மீ., 11 அங்குல டயர், வண்டி எடை 46 கிலோ, விலை 1,65,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். என் எடை 88 கிலோ. வாங்கலாமா?

பதில்: விளம்பரத்து எண்களை விட எனக்கு உதவியது, குவார்ட்டர்ஸ் மேட்டில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதுதான். காலையில் முழு சார்ஜோடு இறக்கம், மாலையில் வடிந்த பேட்டரியோடு ஏற்றம். இந்த இரண்டு வேளையையும் வைத்துத்தான் வண்டியை எடை போட வேண்டும். 80 கி.மீ. வேகத்தை மறந்துவிடுங்கள். உங்கள் பாதையில் 20-ஐத் தாண்டவே இடம் கிடைக்காது.

முதலில் ஏற்றம். 5600 வாட் என்பது சில நொடிகளுக்கு மட்டும் வரும் உச்ச சக்தி. தொடர்ந்து எவ்வளவு தரும் என்று கேளுங்கள். அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். நீங்களும் வண்டியும் சேர்ந்து ஏறக்குறைய 135 கிலோ. 100 மீட்டர் தூரத்துக்கு 15 மீட்டர் ஏறுகிற மண் பாதையில் 15 கி.மீ. வேகத்தில் போக, சக்கரத்தில் 1000 வாட் வேண்டும். மோட்டாரிலும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1300, 1400 வாட் போகும். ஆக, ஒவ்வொரு மோட்டாரும் தொடர்ச்சியாக 1000 வாட் தந்தால் இந்த ஏற்றம் பிரச்சினையில்லை. ஆனால் இவை சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், கியர் இல்லாத மோட்டார்கள். மெதுவாக, செங்குத்தாக ஏறும்போதுதான் அதிகம் சூடாகும். ஏறி முடித்ததும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அந்த மோட்டார் தினசரி அந்த ஏற்றத்துக்குத் தாங்காது.

அப்புறம் தூரம். 60-ஐ 28-ஆல் பெருக்கினால் 1680 வாட் அவர். பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு அது. அதில் 100 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 17 வாட் அவர்கூட ஆகக் கூடாது. ஒல்லியான ஆள், சமதளத் தார் ரோடு, ஒரே மோட்டார், மெதுவான வேகம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். உங்கள் பாதைக்குக் கிலோமீட்டருக்கு 40 வாட் அவர் என்று வையுங்கள். பேட்டரியின் அடி 15 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பதையும் கழித்தால் 35 கி.மீ. கிடைக்கும். 22 கி.மீ.க்கு அது போதும். மூன்று வருடத்தில் பேட்டரி கால்பங்கு தளர்ந்தாலும் சமாளிக்கும். இந்த ஒரு விஷயத்தில் வண்டி பாஸ். 300 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் 150 வாட் அவர் போய்விடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, மாலை கிளம்பும்போது மீட்டரைப் பாருங்கள்.

சார்ஜரை மறக்காமல் விசாரியுங்கள். பெட்டியோடு வருவது 2 ஆம்பியர் சார்ஜர் என்றால், இந்தப் பேட்டரி நிரம்ப 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழைக்காலத்தில் ராத்திரி கரண்ட் எத்தனை முறை போகும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு வாசற்படிக்குக் குறுக்கே வைத்து சார்ஜ் போட வேண்டாம். லித்தியம் பேட்டரி எரிந்தால் வெளியேற வழி வேண்டும்.

இனி இறக்கம். எனக்கு உண்மையான கவலை இங்கேதான். கோத்தகிரிப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் இதே வகை வண்டி ஒன்றை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றரை கி.மீ. இறக்கம், நாலு கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவில் பிரேக் பேட் கருகும் வாசனை வந்தது. நாலாவதில் லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டியது. வண்டியைப் புதர்ப் பக்கம் சாய்த்துத்தான் நிறுத்தினேன். கீழே வந்து பார்த்தால், ஒயர் இழுக்கும் சாதாரண டிஸ்க் பிரேக். டிஸ்க் உள்ளங்கை அகலத்தை விடக் கொஞ்சம் பெரிது, நீலம் பாரித்திருந்தது. மோட்டார் இரண்டு, பேட்டரி பெரிது, பிரேக் மட்டும் சின்ன ஸ்கூட்டருக்கு உரியது. இந்தப் பிரிவு வண்டிகளில் காசை மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே, முன்னும் பின்னும் ஹைட்ராலிக் (ஒயருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும்) பிரேக், குறைந்தது 160 மி.மீ. டிஸ்க். இல்லையென்றால் மேற்கொண்டு பேச வேண்டாம். விளம்பரத்தில் 'இ-ஏபிஎஸ்' என்று இருந்தால் காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டாரையே பிரேக்காக்கி, விட்டு விட்டுப் பிடித்து வேகம் குறைக்கும் ஏற்பாடு அது.

அந்த மோட்டார் பிரேக்கில் மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. இறங்கும்போது மோட்டார் கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். நீங்களோ ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, நிரம்பிய பேட்டரியோடு மேட்டிலிருந்து இறங்குகிறீர்கள். வரும் கரண்ட் போக இடமில்லை. சில வண்டிகள் மோட்டார் பிரேக்கை நிறுத்திவிடும். பிடித்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று ஓட ஆரம்பிக்கும். சிலவற்றில் பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் மொத்த இணைப்பையே துண்டிக்கும், விளக்கு உட்பட எல்லாம் அணையும். மருந்து எளிது: 90 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். 300 மீட்டர் இறக்கத்தில் பேட்டரிக்குத் திரும்புவது அதன் கொள்ளளவில் சில சதவீதம்தான், அதற்கு இடம் இருந்தால் போதும். கடைக்காரர் இதைச் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மடக்கும் கைப்பிடித் தண்டு அடுத்தது. வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கட்டை விரலை மடிப்பு மூட்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டில் 'டக்' என்று ஒரு சின்ன அசைவு விரலில் தட்டினால், அது சரளைப் பாதையில் ஒரு மாதத்தில் ஆட்டமாக மாறும். கைப்பிடி ஆடும் வண்டியில் பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். புது வண்டியிலேயே அசைவு இருந்தால் 'டைட் பண்ணிடலாம் சார்' என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

டயரில் பொத்தான் பொத்தானாகக் கட்டை வைத்திருப்பார்கள். மண்ணில் நன்றாகப் பிடிக்கும், ஈரமான தார் ரோட்டில் வழுக்கும். அதைவிட முக்கியம், 11 அங்குலம் சின்னச் சக்கரம். பைக் உருண்டு ஏறிவிடும் கல்லில் இது முட்டி நிற்கும். நின்று ஓட்டுகிற நீங்கள் முன்னால் போவீர்கள். பஞ்சர் ஆனால் 46 கிலோவைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். மோட்டார் உள்ள சக்கரத்தில் ட்யூப் மாற்ற, உங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரர் முதல்முறை திணறத்தான் செய்வார். இரண்டாகப் பிரியும் ரிம் இருந்தால் கொஞ்சம் சுலபம்.

மழைக்கு 'ஐபி 54' என்று போட்டிருப்பார்கள். நீர் தெறித்தால் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். வால்பாறையின் ஜூன், ஜூலை மழை தெறிப்பது இல்லை. நண்பரின் வண்டியில் நிற்கும் பலகையைக் கழற்றினோம்: ரப்பர் வார் ஒரு மூலையில் விட்டுப்போய், கன்ட்ரோலர் மேல் செம்மண் சேறு காய்ந்து கிடந்தது. வாரண்டி கேட்டபோது நீர் புகுந்ததற்கு வாரண்டி இல்லை என்று பதில் வந்தது. நீங்கள் பணம் கட்டும் முன்பே வாரண்டி அட்டையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உங்கள் ஊருக்கே உரியது. இந்த வண்டி சத்தமே போடாது. யானை நடமாட்டத்துக்குச் சிவப்பு விளக்கு வைத்து எச்சரிக்கும் ஊர் வால்பாறை. பைக் சத்தம் கேட்டு ஒதுங்கும் காட்டுமாடு, சத்தமில்லாமல் வளைவில் திரும்பும் உங்களை நாலடி தூரத்தில்தான் பார்க்கும். பொழுது சாய்ந்த பிறகு இதில் போகவே போகாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கி.மீ.க்குள்ளும் இருக்கும் மின் வண்டிகளுக்குத்தான் பதிவு தேவையில்லை. இது அதில் சேராது. பதிவு செய்யவோ, முறையாகச் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற மாடலாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். எஸ்டேட்டுக்குள்தானே என்று விடவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு பொது இடத்தோடு 'வேறெந்த இடமும்' என்று சேர்த்தே சொல்கிறது. மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சிறப்பு வகை வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனால் பஸ்ஸும் ஜீப்பும் போகும் எஸ்டேட் ரோட்டை அப்படிச் சொல்வது கஷ்டம். கொழுந்துக் கூடையோடு வரும் ஒரு அம்மாவை இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு நஷ்ட ஈடு உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன்: இந்த வேலைக்கு இந்த வண்டியை வாங்காதீர்கள். 1,65,000 ரூபாய்க்கு நல்ல கியர் பைக் வாங்கி, மிச்சக் காசில் நல்ல டயரும் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் வாங்கலாம். பழுதானால் பார்க்க வால்பாறையிலேயே மெக்கானிக் இருக்கிறார்.

ஆசை விடவில்லை என்றால், உங்கள் பாதையிலேயே ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுங்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். சம்மதித்து, பிரேக்கும் தண்டும் தேறி, மாடலின் ஒப்புதல் சான்றிதழும் இருந்தால், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் உள்ள பில் வாங்குங்கள். பணம் நிறுவனக் கணக்குக்குப் போகட்டும், யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. டியூஷன் போக இதே மாதிரி ஸ்கூட்டர் கேட்கிறான். "25 கி.மீ.யில் லாக் செய்து தருகிறோம், லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா? (சென்னையிலிருந்து ஒரு தாய்)

பதில்: நம்ப வேண்டாம்மா. வேகத்தை மட்டும் பூட்டினால் போதாது, மோட்டாரும் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பூட்டை உங்கள் மகன் ஒரு வீடியோ பார்த்து அரை மணியில் எடுத்துவிடுவான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர்கள் மோட்டார் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. டியூஷனுக்கு நல்ல சைக்கிள் போதும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான், அங்கே இந்த வண்டிகள் பழையது மலிவாகக் கிடைக்கிறது, ஊருக்கு வரும்போது எடுத்து வரவா என்கிறார். சொல்லலாமா? (தஞ்சாவூரிலிருந்து)

பதில்: வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். பயணி கொண்டு போகும் லித்தியம் பேட்டரிக்கு விமானங்களில் வரம்பு 160 வாட் அவர். 100-க்கு மேல் போனாலே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இந்த வண்டிகளின் பேட்டரி அதைப்போல் பத்து மடங்கு. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் இருக்கிறது: சிங்கப்பூரில் 20 கிலோவுக்கு மேலும் 25 கி.மீ. வேகத்துக்கு மேலும் போகும் இந்த வகை வண்டியைச் சைக்கிள் பாதையிலேயே ஓட்ட முடியாது. பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதற்கு மட்டும் காது கொடுக்காதீர்கள். சரக்கு அறையில் அது புகைய ஆரம்பித்தால், மேலே உட்கார்ந்திருக்கும் யாராலும் கைக்கெட்டும் தூரத்துக்குப் போய் அணைக்க முடியாது.