விளைச்சல் 112 சதவீதம்: தப்பு கணக்கிலா, வடிதாளிலா?

கேள்வி: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் (படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த உப்பு) 2.00 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 2.00 கிராம். இரண்டையும் தனித்தனியே 25 மில்லி நீரில் கரைத்துக் கலந்தோம். வெள்ளையாக வந்த வீழ்படிவை வடிகட்டி ஓர் இரவு காயவைத்தோம். வடிதாளின் எடையைக் கழித்தால் 1.52 கிராம். எனக்கு விளைச்சல் 112 சதவீதம் வருகிறது, கூட இருந்த நண்பருக்கு 84. நூறைத் தாண்ட முடியாது என்பதால் அவர் கணக்குதானே சரி?

பதில்: இல்லை, உங்கள் கணக்குதான் சரி. கோளாறு வடிதாளில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கால்சியம் அயனியும் கார்பனேட் அயனியும் ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகின்றன. சோடியமும் குளோரைடும் வேடிக்கை பார்த்துக்கொண்டு கரைசலிலேயே நிற்கின்றன. டைஹைட்ரேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 147.0 கிராம். எனவே 2.00 கிராமில் இருப்பது 0.0136 மோல். சோடியம் கார்பனேட்டுக்கு 106.0, அதில் 0.0189 மோல். முதலில் தீர்ந்துபோவது கால்சியம்தான், அதுவே இங்கே வினைக்கட்டுப்பாட்டு காரணி. 0.0136-ஐக் கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறையான 100.1-ஆல் பெருக்கினால் 1.36 கிராம். கிடைக்கக்கூடிய உச்சம் இவ்வளவுதான். 1.52-ஐ 1.36-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 112.

நண்பர் எங்கே சறுக்கினார் என்பதும் தெரிகிறது. படிக நீரை மறந்துவிட்டு, நீரற்ற உப்பின் 111.0-ஐப் போட்டிருக்கிறார். அப்போது உச்சம் 1.80 கிராம் ஆகிவிடும், விளைச்சல் 84. பார்க்க நம்பும்படியான எண். ஆனால் ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடி மறைத்ததால் வந்த எண் அது. இதே நண்பர் அடுத்த முறை வீழ்படிவைச் சுத்தமாகக் காயவைத்து 1.30 கிராம் எடுத்தால், உண்மையில் 96 சதவீதம் வரவேண்டிய இடத்தில் 72 என்று எழுதுவார். ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனை! எந்த உப்பாக இருந்தாலும், எடை போடும் முன் புட்டியின் லேபிளில் ‘ஹைட்ரேட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, மிஞ்சியிருக்கும் 0.16 கிராம் என்ன? முதல் சந்தேகம் ஈரம். கால்சியம் கார்பனேட் மாவு போல நுண்ணிய தூள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கும், வடிதாளும் தன் பங்குக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இரண்டாவது சந்தேகம் உப்பு. எனக்கு இதன்மேல்தான் கண், ஏனென்றால் வீழ்படிவைக் கழுவியதாக நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் 50 மில்லி கரைசலில் வினை முடிந்தபின் 1.59 கிராம் சோடியம் குளோரைடும், மிச்சமான சோடியம் கார்பனேட் 0.56 கிராமும் கரைந்திருக்கும். வடிகட்டிய பிறகும் வீழ்படிவோடு ஒரு நாலு மில்லி கரைசல் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அது வற்றும்போது 0.17 கிராம் உப்பை அங்கேயே விட்டுச் செல்லும். எவ்வளவு காயவைத்தாலும் இது போகாது.

இரண்டில் எது என்று இப்போதும் கண்டுபிடிக்கலாம், வீழ்படிவைத் தூக்கிப் போடவில்லை என்றால். 105 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்த உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) ஒரு மணி நேரம் வையுங்கள், டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டு எடை பாருங்கள். மறுபடி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் 0.01 கிராமுக்குள் ஒத்துப்போகும்வரை இப்படியே. இந்த வெப்பத்தில் கால்சியம் கார்பனேட் சிதையாது. எடை 1.36-க்குக் கீழே இறங்கினால் பெரும்பங்கு ஈரம். 1.5-ஐ ஒட்டியே நின்றால் உப்பு.

உப்பு என்றால் தாளோடு புனலில் வைத்து, காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை ஊற்றிக் கழுவுங்கள். விளைபொருள் கரைந்து போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். 50 மில்லி நீரில் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும், உங்கள் தராசுக்கு அது தெரியவே தெரியாது. கழுவியது போதுமா என்று பார்க்க, கடைசியாக வடிந்த நீரில் சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலம், அப்புறம் வெள்ளி நைட்ரேட் விடுங்கள். கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. அமிலத்தை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் மீதியிருக்கும் கார்பனேட்டும் வெள்ளியோடு சேர்ந்து கலங்கி ஏமாற்றும். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறை பல நாள் போகாது, கையுறை போடுங்கள்.

அடுத்த முறை வடிதாளையும் இதே அடுப்பில் உலர்த்திய பிறகே முதல் எடை எடுங்கள், பெயரையும் அதற்கு முன்பே பென்சிலால் எழுதிவிடுங்கள். கரைசல்களைக் கலந்ததும் அவசரமாக வடிகட்டாமல், மிதமாகச் சூடாக்கிச் சற்று நேரம் விட்டால் துகள்கள் பெரிதாகும், தாளின் வழியே நழுவாது. வடிநீர் பால் போல இறங்கினால் அதை அதே தாளில் இன்னொரு முறை ஊற்றுங்கள்.